2022-க்குப் பிறகு ஒரு மேட்ச்கூட ஆடல... ஆனாலும் ஒரு டீம் வாங்கியது ஏன்? கேரி பிரைஸ் விவகாரமும் ஐஸ் ஹாக்கி சம்பளக் கணக்கும்

கடைசியாக அவர் கோல் கம்பங்களுக்கு நடுவே நின்றது 2022 ஏப்ரல் 29. அதற்குப் பிறகு ஒரு போட்டிகூட ஆடவில்லை. இனி ஆடப்போவதும் இல்லை. இது அவருக்கும் தெரியும், அவருடைய பழைய அணிக்கும் தெரியும், புதிய அணிக்கும் தெரியும். ஆனாலும் 2025 செப்டம்பர் 5-ம் தேதி கனடாவின் மான்ட்ரியல் கனேடியன்ஸ் அணி, தன் கோல்கீப்பர் கேரி பிரைஸை அமெரிக்காவின் சான் ஹோசே ஷார்க்ஸ் அணிக்கு 'டிரேட்' செய்திருக்கிறது.

ஆடவே முடியாத ஆளை எதுக்கு வாங்கணும்? சம்பளம் வேறு கொடுக்கணுமே? ஆடாதவர் ஏன் இன்னும் ஓய்வை அறிவிக்கவில்லை? இந்தக் கேள்விகளுக்கான பதிலில், உலகின் மிகச்சிறந்த கோல்கீப்பராக இருந்த ஒருவரின் கதையும் இருக்கிறது, விளையாட்டு வீரரின் உடம்புக்கு விலை போடும் ஒரு விநோதமான கணக்கும் இருக்கிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

என்ன நடந்தது?

வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீக், அதாவது என்ஹெச்எல்லில் மொத்தம் 32 அணிகள். இந்த டிரேடில் மான்ட்ரியல் கொடுத்தது இரண்டு விஷயங்கள்: பிரைஸின் ஒப்பந்தம், கூடவே இளம் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 2026 டிராஃப்டில் ஒரு ஐந்தாவது சுற்று வாய்ப்பு. பதிலுக்கு வாங்கியது, கேனன் லரோக் என்ற இளம் தடுப்பாட்டக்காரரை.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று இருக்கிறது. பெயருக்குத்தான் லரோக் கைமாறினார். உண்மையில் நடந்தது என்னன்னா, 'இந்த ஒப்பந்தத்தை நீங்க எடுத்துக்கோங்க, அதுக்கு ஒரு டிராஃப்ட் வாய்ப்பையும் சேர்த்து வாங்கிக்கோங்க' என்ற பேரம்தான். ஒரு காலத்தில் மான்ட்ரியலின் அசைக்க முடியாத சொத்தாக இருந்தவரை அனுப்பி வைக்க, அந்த அணி கையிலிருந்து கொடுக்க வேண்டியிருந்தது.

யார் இந்த கேரி பிரைஸ்?

1987-ல் கனடாவின் வான்கூவரில் பிறந்தவர். வளர்ந்தது பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் உள்பகுதியில் இருக்கும் அனஹிம் லேக் என்ற சின்ன ஊரில். அம்மா லிண்டா, உல்காச்சோ என்ற பூர்வகுடிச் சமூகத்தின் தலைவராக இருந்தவர். அப்பா ஜெர்ரி பிரைஸும் ஒரு கோல்கீப்பர்தான். 1978-ல் பிலடெல்பியா அணி அவரை டிராஃப்டில் எடுத்தது, ஆனால் என்ஹெச்எல்லில் ஆடும் வாய்ப்பு அமையவில்லை.

குளிர்காலத்தில் உறைந்துபோன ஓடையில்தான் அப்பா மகனுக்குப் பாடம் எடுத்தார். முறையான அணியில் சேர வேண்டுமென்றால் 300 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கும் வில்லியம்ஸ் லேக் ஊருக்குப் போக வேண்டும். காரில் போய் வர ஒரு முழு நாள் போய்விடும். என்ன செய்தார் அப்பா? நான்கு பேர் உட்காரக்கூடிய ஒரு பழைய குட்டி விமானத்தை வாங்கினார். அதில்தான் மகனைப் பயிற்சிக்கு ஏற்றிக்கொண்டு பறந்தார்.

2005 டிராஃப்டில் ஐந்தாவது வீரராக பிரைஸைத் தேர்ந்தெடுத்தது மான்ட்ரியல். 2007 அக்டோபர் 10-ல் முதல் போட்டி. தொடக்கம் சுலபமாக இல்லை. 2009-10 சீசனில் யாரோஸ்லாவ் ஹலாக் என்ற இன்னொரு கோல்கீப்பரிடம் தன் இடத்தையே இழந்தார். பிளே ஆஃப் சுற்றில் அசத்திய ஹலாக்கை ரசிகர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள். ஆனால் அந்தக் கோடையில் அணி நிர்வாகம் ஹலாக்கை அனுப்பிவிட்டு பிரைஸை வைத்துக்கொண்டது. கோபம் மொத்தமும் 22 வயதுப் பையன் மீது திரும்பியது. அடுத்த சீசனில் 38 வெற்றிகள். அதோடு அந்தப் பேச்சு அடங்கியது.

கோல்கீப்பர் வேலை என்பது என்ன?

ஐஸ் ஹாக்கியில் இவரை 'கோல்டெண்டர்' என்பார்கள். நமக்குப் பழகிய கோல்கீப்பர் என்ற சொல்லையே வைத்துக்கொள்வோம். காக்க வேண்டிய கோல் 6 அடி அகலம், 4 அடி உயரம். வருவது பந்து அல்ல, 'பக்' எனப்படும் கெட்டி ரப்பர் வட்டு. 3 அங்குல விட்டம், 1 அங்குலத் தடிமன், சுமார் 170 கிராம் எடை. துள்ளாமல் வழுக்க வேண்டும் என்பதற்காகப் போட்டிக்கு முன் அதை உறையவைத்து எடுப்பார்கள். பலமான ஷாட் மணிக்கு 160 கிலோமீட்டரைத் தாண்டும். ஒரு போட்டிக்கு ஏறக்குறைய 30 ஷாட்.

இதைத் தடுக்க இன்றைய கோல்கீப்பர்கள் பயன்படுத்தும் முறைக்கு 'பட்டர்ஃப்ளை' என்று பெயர். இரண்டு முழங்கால்களையும் சேர்த்து ஐஸில் இறக்கி, கீழ்க்கால்களைப் பட்டாம்பூச்சி இறக்கை மாதிரி இரு பக்கமும் விரிக்க வேண்டும். இடுப்பும் முழங்காலும் இயல்புக்கு மாறாகத் திரும்பும். அடுத்த நொடியே எழுந்து, நகர்ந்து, மறுபடியும் விழ வேண்டும். பயிற்சியையும் சேர்த்தால் இப்படி எத்தனை ஆயிரம் முறை என்று கணக்கே இல்லை. சுருக்கமாகச் சொன்னால், முழங்காலை நம்பி நடக்கும் தொழில் இது.

இந்த வேலையில் உடம்புக்கும் நிர்வாகத்துக்கும் இழுபறி வருவது புதுசு இல்லை. 1959 நவம்பர் 1-ல் இதே மான்ட்ரியல் அணியின் ஜாக் பிளான்ட் முகத்தில் பக் பட்டு ரத்தம் கொட்டியது. தையல் போட்டுக்கொண்டவர், முகக்கவசம் இல்லாமல் திரும்ப மாட்டேன் என்று சொல்லிவிட்டார். பயிற்சியாளர் டோ பிளேக்குக்கு அதில் விருப்பமே கிடையாது. ஆனால் அன்றைக்கு மாற்று கோல்கீப்பர் இல்லாததால் ஒப்புக்கொண்டார். இன்று முகக்கவசம் இல்லாத கோல்கீப்பரை நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

உச்சம் தொட்ட அந்த ஒரு வருடம்

2014 சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில் கனடா தங்கம் வென்றது. அரையிறுதியில் அமெரிக்காவை 1-0, இறுதிப்போட்டியில் ஸ்வீடனை 3-0. கடைசி இரண்டு போட்டிகளிலும் பிரைஸ் ஒரு கோல்கூட விடவில்லை. தொடரின் சிறந்த கோல்கீப்பர் விருதும் அவருக்குத்தான்.

அடுத்து வந்த 2014-15 சீசன்தான் அவருடைய உச்சம். மான்ட்ரியல் வென்ற 50 போட்டிகளில் 44 போட்டிகளை வென்றது பிரைஸ் கோலில் நின்றபோதுதான். அதுவரை ஒரு சீசனில் 42 வெற்றி என்பதே அந்த அணியின் சாதனை. அதை வைத்திருந்தவர்கள் ஜாக் பிளான்ட்டும் கென் டிரைடனும். இருவருமே ஜாம்பவான்கள்.

அந்த சீசனில் பிரைஸின் தடுப்பு விகிதம் .933. அதாவது 1,000 ஷாட் வந்தால் உள்ளே விட்டது 67 மட்டுமே. அந்த ஆண்டு லீக் சராசரி .915. சராசரி கோல்கீப்பர் 85 விடுவார். வித்தியாசம் வெறும் 18 தானே என்று தோன்றலாம். ஆனால் ஒரு கோல் வித்தியாசத்தில் போட்டிகள் முடியும் விளையாட்டில், அந்த 18 கோல்தான் ஒரு அணியைத் தூக்கி நிறுத்துகிறது.

அந்த ஆண்டு ஹார்ட், வெசினா, டெட் லிண்ட்சே, ஜென்னிங்ஸ் என நான்கு விருதுகளையும் அள்ளினார். ஒரே சீசனில் இந்த நான்கையும் பெற்ற முதல் கோல்கீப்பர் இவர். விருது மேடையில் பூர்வகுடி இளைஞர்களை நோக்கி நேரடியாகப் பேசினார். தங்கள் மரபை நினைத்துப் பெருமைப்படுங்கள், எதிர்ப்படும் தடைகளைக் கண்டு சோர்ந்துவிடாதீர்கள் என்ற பொருளில் அமைந்த அந்தப் பேச்சு, ஹாக்கியைத் தாண்டியும் கவனிக்கப்பட்டது.

அடுத்த சீசன் என்ன ஆச்சு? 12 போட்டிகளில் 10 வெற்றி என்று ஆரம்பித்தவர், 2015 நவம்பரில் முழங்கால் காயத்தோடு வெளியேறினார். மீதி சீசன் முழுக்க இல்லை. 50 போட்டிகளை வென்ற அதே அணி 38 வெற்றிகளோடு நின்றது. பிளே ஆஃப் சுற்றுக்கே தகுதி பெறவில்லை.

இந்த இரண்டு சீசன்களும் மான்ட்ரியலுக்கு இரண்டு பாடங்களைச் சொல்லின. ஒன்று, இவர் இல்லாமல் நாம் இல்லை. இரண்டு, இவருடைய முழங்கால் நிரந்தரம் இல்லை. நிர்வாகம் முதல் பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டது.

8.4 கோடி டாலர் ஒப்பந்தம்

2017 ஜூலையில் பிரைஸுடன் 8 ஆண்டு ஒப்பந்தம் கையெழுத்தானது. மொத்தம் 8.4 கோடி டாலர். சராசரியாக ஆண்டுக்கு 1.05 கோடி டாலர். அதுவரை எந்த கோல்கீப்பருக்கும் கிடைக்காத ஆண்டுத் தொகை. ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது 2018-19 சீசனில். அப்போது அவருக்கு வயது 31.

அதன் பிறகு அவர் ஆடிய கணக்கைப் பாருங்கள்: 2018-19-ல் 66 போட்டிகள், அடுத்த சீசனில் 58, அதற்கடுத்து 25, 2021-22-ல் வெறும் 5. மொத்தம் 154 போட்டிகள். எட்டு சீசன்களில் கடைசி நான்கு சீசன்களுக்குக் கணக்கு பூஜ்யம்தான்.

அப்படின்னா அது தோற்றுப்போன ஒப்பந்தமா? அவசரப்பட்டு முடிவு செய்ய முடியாது. 2019 மார்ச்சில் ஜாக் பிளான்ட்டைத் தாண்டி, மான்ட்ரியலுக்காக அதிக வெற்றிகள் பெற்ற கோல்கீப்பர் ஆனார். 2021 பிளே ஆஃப் சுற்றில் நடந்தது அதைவிடப் பெரியது. யாரும் எதிர்பார்க்காத ஒரு அணி, முதல் சுற்றில் டொராண்டோவிடம் 3-1 எனப் பின்தங்கியிருந்து, மீண்டு வந்து தொடரை வென்றது. அடுத்து வின்னிபெக்கை 4-0 என வீழ்த்தியது. பிறகு வேகாஸ். 1993-க்குப் பிறகு முதல்முறையாக மான்ட்ரியல் ஸ்டான்லி கோப்பை இறுதித் தொடரில் கால் வைத்தது. இறுதியில் டாம்பா பே அணியிடம் தோற்றாலும், அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தவர் பிரைஸ் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஆனால் அதே ஜூலை மாதம் இன்னொன்றும் நடந்தது. சியாட்டில் என்ற புதிய அணிக்காக மற்ற அணிகளிலிருந்து வீரர்களைப் பிரித்தெடுக்கும் டிராஃப்ட் வந்தது. இன்னொரு கோல்கீப்பரைப் பாதுகாப்பதற்காக பிரைஸைப் பட்டியலுக்கு வெளியே விட்டது மான்ட்ரியல். பிரைஸும் சம்மதித்தார். இறுதிப் போட்டி வரை அணியைத் தூக்கிச் சென்ற கோல்கீப்பர் சும்மா கிடைக்கிறார், ஆனால் சியாட்டில் எடுக்கவில்லை. மீதமிருந்த ஐந்து ஆண்டு சம்பளமும், அறுவை சிகிச்சைக்குக் காத்திருந்த முழங்காலும் எல்லோருக்கும் தெரிந்திருந்தன.

ஐந்து போட்டிகள், அதோடு சரி

2021 ஜூலையில் முழங்காலில் அறுவை சிகிச்சை. அக்டோபரில், வீரர்களுக்கான லீக்கின் உதவித் திட்டத்தில் தானாகவே சேர்ந்தார். போதைப் பழக்கத்திலிருந்து மீள சிகிச்சை எடுத்துக்கொண்டதாக நவம்பரில் அவரே வெளிப்படையாக அறிவித்தார். வலியை வெளியே காட்டிக்கொள்ளக் கூடாது என்று பழக்கப்பட்ட ஒரு விளையாட்டில், அதன் மிகப்பெரிய பெயர்களில் ஒருவர் இப்படிப் பேசியது சாதாரண விஷயம் இல்லை.

2022 ஏப்ரல் 15-ல் திரும்பி வந்தார். ஐந்து போட்டிகள் ஆடினார். கடைசிப் போட்டியில் மான்ட்ரியல் 10-2 என ஃபுளோரிடாவை வென்றது. அதுதான் அவருடைய 361-வது வெற்றி, 712-வது போட்டி. முந்தைய ஆண்டு இறுதித் தொடர் வரை போன அணி, அந்த சீசனை லீக்கின் கடைசி இடத்தில் முடித்தது.

2022 அக்டோபரில் செய்தியாளர்களிடம் பேசினார் பிரைஸ். மாடிப்படி ஏறி இறங்குவதே சிரமமாக இருக்கிறது, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு படியேறுவது கஷ்டமாக இருக்கிறது என்றார். இன்னொரு பெரிய அறுவை சிகிச்சை செய்தாலும் பலன் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. தினசரி வாழ்க்கையை வலி இல்லாமல் வாழ்வதுதான் அப்போது அவர் முன்னால் இருந்த முதல் இலக்கு.

அப்படியானால் ஏன் ஓய்வை அறிவிக்கவில்லை?

காரணம் ரொம்ப எளிது. தானாக ஓய்வு பெற்றால் ஒப்பந்தம் அங்கேயே முடிந்துவிடும், மீதிச் சம்பளம் கிடையாது. ஆனால் விளையாட்டில் ஏற்பட்ட காயத்தால் ஆட முடியவில்லை என்றால், அணி முழுச் சம்பளத்தையும் கொடுத்தாக வேண்டும். என்ஹெச்எல் ஒப்பந்தங்களில் இந்த உத்தரவாதம் உண்டு. அதனால் பிரைஸ் 'ஓய்வு பெற்றவர்' இல்லை, 'காயமடைந்தவர்'. டிரேட் நடந்த 2025-லும் காகிதத்தில் அவர் ஒரு வீரர்தான்.

சரி, இதில் அணிகளுக்கு என்ன கணக்கு?

ஐபிஎல் ஏலத்தில் ஒவ்வொரு அணிக்கும் இவ்வளவுதான் பணம் என்று வரம்பு இருக்கிறது இல்லையா? அதே மாதிரி என்ஹெச்எல்லிலும் சம்பள உச்சவரம்பு உண்டு. 2025-26 சீசனுக்கு அது 9.55 கோடி டாலர். இதைத் தாண்டக் கூடாது. கூடவே ஒரு குறைந்தபட்ச வரம்பும் உண்டு, 7.06 கோடி டாலர். அதற்குக் கீழேயும் போகக் கூடாது.

இந்த வரம்பில் கணக்கிடப்படுவது வீரரின் கைக்குப் போகும் பணம் அல்ல, ஒப்பந்தத்தின் ஆண்டுச் சராசரி. பிரைஸ் விஷயத்தில் அந்தச் சராசரி 1.05 கோடி டாலர். ஆனால் இந்தக் கடைசி ஆண்டில் அவருக்கு உண்மையில் சேர வேண்டியது 75 லட்சம் டாலர்தான். அதிலும் 55 லட்சம் டாலரை போனஸாக செப்டம்பர் 1-ம் தேதியே மான்ட்ரியல் கொடுத்துவிட்டது. நான்கு நாள் கழித்து டிரேட். ஆக, ஷார்க்ஸ் தலையில் மிச்சம் இருப்பது 20 லட்சம் டாலர் சம்பளம் மட்டும்.

மான்ட்ரியலுக்கு என்ன லாபம்? நீண்டகாலக் காயம் என்று பதிவு செய்தால், அந்த அளவுக்கு வரம்பைத் தாண்ட லீக் அனுமதிக்கும். ஆனால் அதைப் பயன்படுத்தும் அணி, சீசன் முழுக்க மிச்சம் பிடித்து, கடைசியில் நல்ல வீரர் ஒருவரை வாங்கலாம் என்று திட்டமிட முடியாது. 2025 கோடையில் நோவா டாப்சன் என்ற தடுப்பாட்டக்காரரைப் பெரிய சம்பளத்துக்கு வாங்கிய மான்ட்ரியலுக்கு, கை கால் நீட்ட இடம் தேவைப்பட்டது.

ஷார்க்ஸுக்கு? 2023-24, 2024-25 என இரண்டு சீசன்களிலும் லீக்கின் கடைசி இடத்தில் முடித்த அணி அது. இளம் வீரர்களை வைத்து முதலிலிருந்து கட்டிக்கொண்டிருக்கிறார்கள். இளம் வீரர்களுக்குச் சம்பளம் குறைவு. அதனால் வரம்பில் இடம் தாராளமாக இருக்கிறது. 20 லட்சம் கொடுத்தால் கணக்கில் 1.05 கோடி ஏறும், குறைந்தபட்ச வரம்பைப் பற்றிய கவலை குறையும், கூடவே ஒரு டிராஃப்ட் வாய்ப்பும் கிடைக்கும். அவர்கள் வாங்கியது பிரைஸை அல்ல, ஒரு எண்ணை.

இவர் மட்டும்தானா?

இல்லை. பிரைஸின் கேப்டனாக இருந்த ஷியா வெபரும் 2021 இறுதித் தொடருக்குப் பிறகு ஆடவில்லை. ஆனால் அவருடைய ஒப்பந்தம் மட்டும் வேகாஸ், அரிசோனா, யூட்டா, சிகாகோ என்று ஊர் ஊராகச் சுற்றியது. 2024-ல் ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமில் அவருக்கு இடம் கிடைத்தபோதும் காகிதத்தில் அவர் ஒரு அணியின் வீரர்! ஷார்க்ஸ் அணியின் முன்னாள் கேப்டன் லோகன் கூச்சர், காயத்தால் இனி ஆட முடியாது என்று 2025 ஏப்ரலில் அறிவித்தார். அப்போது அவருடைய ஒப்பந்தத்திலும் ஆண்டுகள் மீதி இருந்தன.

'ஆடாதவருக்கு எதுக்குக் காசு?' என்று ரசிகர்கள் கேட்பது வழக்கம். கேள்வி நியாயம்போலத்தான் தெரியும். ஆனால் இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

சம்பள உத்தரவாதம் என்பது வீரருக்குக் காட்டும் சலுகை அல்ல. அமெரிக்கக் கால்பந்தில் பல ஒப்பந்தங்களுக்கு முழு உத்தரவாதம் கிடையாது. அடிபட்டு ஃபார்ம் போன வீரரை அணி கழற்றிவிட முடியும். ஐஸ் ஹாக்கி வீரர்களின் சங்கம் அதற்கு இடம் கொடுக்கவில்லை. நான் முழங்காலை உங்களுக்காகத் தேய்க்கிறேன், தேய்ந்தபின் கைவிடாதீர்கள் என்பதுதான் அந்த ஒப்பந்தத்தின் அர்த்தம். படியேற முடியாமல் நிற்கும் ஒருவருக்கு அது போய்ச் சேருவதில் தவறு என்ன இருக்கிறது?

விநோதம் இருப்பது மற்றொரு இடத்தில். அதே காயம், அணிகளுக்கு இடையே கைமாறும் கணக்குக் கருவியாக மாறுவதில்தான். ரசிகர்களின் கோபம் போக வேண்டியது வீரர் பக்கம் அல்ல. வரம்பையும் விதிவிலக்கையும் தானே எழுதி, அதைச் சுற்றி இப்படியொரு சந்தை உருவாக விட்ட லீக் பக்கம்.

அதே நாளில் இன்னொரு செய்தி

பிரைஸ் டிரேட் செய்யப்பட்ட அதே செப்டம்பர் 5-ல்தான் கென் டிரைடன் காலமானார். வயது 78. மான்ட்ரியலுக்காக எட்டு சீசன்களில் ஆறு ஸ்டான்லி கோப்பைகள் வென்றவர். ஆடிய 397 போட்டிகளில் தோற்றது வெறும் 57. சம்பளத் தகராறில் 1973-74 சீசன் முழுவதையும் புறக்கணித்துவிட்டு, டொராண்டோவில் ஒரு சட்ட நிறுவனத்தில் பயிற்சிக்குப் போனவர். 1979-ல் ஓய்வு பெற்றார். பிறகு எழுத்தாளர், நாடாளுமன்ற உறுப்பினர், கனடாவின் அமைச்சர் என்று வேறு வாழ்க்கை அமைந்தது.

ஓய்வு பெற்றபோது டிரைடனின் வயது 31. பிரைஸின் 8.4 கோடி டாலர் ஒப்பந்தம் தொடங்கியது அதே 31 வயதில். எப்போது போதும் என்று டிரைடனால் தானே முடிவு செய்ய முடிந்தது. பிரைஸுக்கு அந்த முடிவை முழங்கால் எடுத்தது.

அடுத்து என்ன?

2025-26 சீசன் முடிந்ததும், 2026 கோடையில் பிரைஸின் ஒப்பந்தம் காலாவதியாகும். அதன் பிறகு அவரை எந்த அணியின் கணக்கிலும் காட்ட வேண்டியதில்லை.

ஆனால் அவர் கணக்கு முடியும் அதே சீசனில் இன்னொரு கணக்கு தொடங்குகிறது. நியூயார்க் ரேஞ்சர்ஸ் கோல்கீப்பர் இகோர் ஷெஸ்டெர்கின் 2024 டிசம்பரில் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இந்த சீசனில் அமலுக்கு வருகிறது. எட்டு ஆண்டுகள், ஆண்டுக்கு 1.15 கோடி டாலர். பிரைஸின் தொகையைத் தாண்டிய புதிய உச்சம். தொடங்கும்போது அவருக்கு வயது 29, முடியும்போது 37 ஆகியிருக்கும். 2026-ல் வரவிருக்கும் புதிய தொழில் ஒப்பந்தத்தில், ஒரு வீரருடன் செய்யக்கூடிய அதிகபட்ச ஒப்பந்தக் காலம் எட்டு ஆண்டுகளிலிருந்து ஏழாகக் குறைகிறது. ஷெஸ்டெர்கினுக்கு அது பொருந்தாது, அவர் முன்பே கையெழுத்திட்டுவிட்டார்.

ஓராண்டு குறைவதால் பேரத்தின் அடிப்படை மாறப்போவதில்லை. அணிகள் ஏழெட்டு வருடத்துக்குக் கணக்குப் போட்டுத்தான் காசு கொடுக்கும். முழங்கால் அத்தனை வருடம் தாங்குமா என்பதை மட்டும் எந்த ஒப்பந்தத்திலும் எழுத முடியாது.